தாமதமாக வருகிறவர்: விலை ஆய்வுக்கான பரிசுகளை முன்வைத்து

1

ஒரு அறிவுத்துறை எதைத் தனது சாதனை என்று கருதுகிறது என்பதை அறிய, அதன் பாடநூல்களைப் படிப்பதைவிட அது யாருக்கு, எதற்காகப் பரிசு கொடுக்கிறது என்று பார்ப்பது சுருக்கு வழி. இலக்கியப் பரிசுகளைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. யாருக்குக் கொடுத்தார்கள், யாரை விட்டார்கள், நடுவர் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்று சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்திருக்கிறோம். நாம் ஏறுகிற விமானம், தங்குகிற விடுதி, சில ரயில்கள் ஆகியவற்றின் கட்டணத்தைத் தீர்மானிக்கிற அறிவுத்துறைக்கும் பரிசுகள் இருக்கின்றன. அங்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். அங்கும் சொல்லாமல் விடப்பட்டவை இருக்கின்றன. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பிரதியை வாசிப்பது என் வேலை. பரிசும் ஒரு பிரதிதான்.

அத்துறைக்கு இன்று 'வருவாய் மேலாண்மை' என்று பெயர். எண்பதுகளில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டால் வைத்த பெயர் 'ஈல்ட் மேனேஜ்மென்ட்'. ஈல்ட் என்றால் மகசூல். விமானக் கம்பெனிக்காரர்களின் பேச்சில் அது, ஒரு பயணி ஒரு மைல் பறப்பதால் கிடைக்கிற சராசரி வருமானம். மகசூல் என்றால் நிலம் ஒன்று இருக்க வேண்டும். இங்கே நிலம் யார் என்ற கேள்வியை அந்தச் சொல்லே எழுப்பிவிடுகிறது. பின்னால் 'வருவாய்' என்ற சாதுவான சொல் அதனிடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

நான் வாசிக்க எடுத்துக்கொண்ட பரிசுகள் எல்லாம் 'இன்ஃபார்ம்ஸ்' என்ற அமெரிக்க அறிஞர் சங்கத்தைச் சேர்ந்தவை. செயலாய்வு, அதாவது 'ஆபரேஷன்ஸ் ரிசர்ச்', என்று சொல்லப்படும் துறைக்கான சங்கம் ஒன்றும் மேலாண்மை அறிவியலுக்கான சங்கம் ஒன்றும் 1995இல் இணைந்து உருவானது இது. இதற்குள் வருவாய் மேலாண்மைக்கும் விலையிடலுக்கும் என்று தனிப்பிரிவு உண்டு. அப்பிரிவு கோட்பாட்டு ஆய்வுக்கு ஒரு பரிசு, நடைமுறைப் பயன்பாட்டுக்கு ஒன்று, முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு ஒன்று, காலம் கடந்தும் நிற்கிற பழைய ஆய்வுக்கு 'வரலாற்றுப் பரிசு' ஒன்று என்று தனித்தனியாக வைத்திருக்கிறது. இவற்றுக்கு மேலே, துறை முழுவதற்குமான பெரிய பரிசுகள் இரண்டு: 1954இல் தொடங்கிய லாஞ்செஸ்டர் பரிசு, 1972இல் தொடங்கிய எடல்மன் பரிசு.

பெயர்களை முதலில் வாசிக்கலாம். லாஞ்செஸ்டர் என்பவர் இங்கிலாந்துப் பொறியாளர். இரண்டு படைகள் மோதினால் எது எவ்வளவு வேகத்தில் அழியும் என்பதற்கான சமன்பாடுகளை முதல் உலகப்போர்க் காலத்தில் எழுதியவர். எடல்மன், ஆர்.சி.ஏ. கம்பெனிக்குள் செயலாய்வைக் கொண்டுபோய் நிறுவியவர். ஒரு பெயர் போர்க்களத்திலிருந்தும் மற்றொன்று கம்பெனியிலிருந்தும் வருகிறது. செயலாய்வு இரண்டாம் உலகப்போரில், ராடாரை எங்கே வைப்பது, கப்பல் அணிகளை எத்தனை பெரிதாக அனுப்புவது என்ற கேள்விகளில் வளர்ந்த துறை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த இரண்டு பெயர்களும் தற்செயல் இல்லை என்பது புரியும்.

2

இனி, பரிசளிக்கப்படுகிற அந்த அறிவு என்னதான் என்று பார்ப்போம். கணிதம் என்று பயப்பட வேண்டியதில்லை. அடிப்படை மிக எளிமையானது, எளிமையால் அழகானதும்கூட.

1972இல் பி.ஓ.ஏ.சி. என்ற இங்கிலாந்து விமானக் கம்பெனியில் வேலை பார்த்த கென் லிட்டில்வுட், விமானக் கம்பெனி ஆய்வாளர்களின் கூட்டமொன்றில் ஒரு கட்டுரை வாசித்தார். அவருடைய கேள்வி இது. ஒரே விமானத்தில் இரண்டு கட்டணங்கள். முழுக்கட்டணம் 100 பவுண்ட், சலுகைக் கட்டணம் 40 பவுண்ட் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் என்னுடையவை, விளக்கத்துக்காக). சலுகை கேட்பவர்கள் முன்கூட்டியே வருகிறார்கள். முழுக்கட்டணக்காரர்கள் கடைசி நாட்களில் வருகிறார்கள். இப்போது சலுகை கேட்டு ஒருவர் வந்து நிற்கிறார். கொடுப்பதா, வேண்டாமா?

கொடுத்தால் 40 பவுண்ட் நிச்சயம். கொடுக்காமல் அந்த இருக்கையை வைத்துக்கொண்டால், பின்னால் 100 பவுண்ட் கொடுப்பவர் வரலாம், வராமலும் போகலாம். வருவதற்கான நிகழ்தகவு பாதி என்றால் அந்த இருக்கையின் இன்றைய மதிப்பு 50 பவுண்ட். அது 40ஐ விட அதிகம். ஆகவே வந்து நிற்பவரிடம் 'இடமில்லை' என்று சொல்லிவிட வேண்டும். நிகழ்தகவு மூன்றில் ஒன்று என்றால் மதிப்பு 33தான்; அப்போது தாராளமாகக் கொடுக்கலாம். அவ்வளவுதான் லிட்டில்வுட் விதி. 1987இல் எம்.ஐ.டி.யில் பீட்டர் பெலோபாபா தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இதைப் பல கட்டணங்களுக்கு விரித்தார். பெரிய பெரிய கணினி அமைப்புகள் பின்னர் இதன்மேல் எழுந்தன.

இந்த விதிக்குள் ஒரு சின்ன வாக்கியம் பதுங்கியிருக்கிறது: மலிவு கேட்பவர் முதலில் வருவார், அதிகம் கொடுப்பவர் பின்னால் வருவார். கணக்குப் போடுவதற்கு வசதியான அனுமானம் இது. அன்றைய விமானப் பயணத்தில் பெருமளவுக்கு உண்மையும்கூட. சுற்றுலா போகிறவர் மாதக்கணக்கில் திட்டமிடுவார். கம்பெனி அதிகாரி நாளைக் காலைக் கூட்டத்துக்கு இன்று மாலை டிக்கெட் கேட்பார், காசும் அவருடையதில்லை. ஆனால் அனுமானம் விதியாகி, விதி எந்திரமாகி, எந்திரம் கோடிக்கணக்கானவர்களுக்கு விலை சொல்லத் தொடங்கியபோது, 'தாமதமாக வருகிறவர் வசதியானவர்' என்பது ஒரு உலகப் பார்வையாக ஆகிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் அக்கறை அந்தத் தாமதமாக வருகிறவரைப் பற்றியது.

3

1978 அக்டோபரில் அமெரிக்காவில் விமானத்துறைக் கட்டுப்பாடு நீக்கச் சட்டம் வந்தது. அதுவரை கட்டணத்தை நிர்ணயித்து வந்தது ஒரு அரசு வாரியம். சட்டத்துக்குப் பிறகு கட்டணம் கம்பெனிகளின் கைக்கு வந்தது. 1981இல் பறக்கத் தொடங்கிய பீப்பிள் எக்ஸ்பிரஸ், எல்லோருக்கும் குறைந்த கட்டணம் என்ற எளிய கொள்கையோடு வேகமாக வளர்ந்தது. 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அல்டிமேட் சூப்பர் சேவர்' என்ற சலுகைக் கட்டணங்களை அறிவித்தது. பீப்பிள் எக்ஸ்பிரஸின் மலிவுக்கு ஈடான மலிவு. ஆனால் எல்லா இருக்கைகளுக்கும் இல்லை, கணினி அனுமதிக்கிற இருக்கைகளுக்கு மட்டும். மீதியை முழுக்கட்டணக்காரர்களுக்குக் காத்துவைத்தது. 1987 பிப்ரவரியில் பீப்பிள் எக்ஸ்பிரஸ் கான்டினென்டல் கம்பெனிக்குள் கரைந்து காணாமல் போனது. அதன் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் துறையின் தோற்றக் கதையில் இந்தப் போர்தான் பாரதம்.

1991இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு எடல்மன் பரிசு. பாரி ஸ்மித், ஜான் லைம்குலர், ராஸ் டேரோ எழுதிய கட்டுரை 1992இல் 'இன்டர்ஃபேஸஸ்' இதழில் வந்தது. மூன்றாண்டுகளில் 140 கோடி டாலர் ஆதாயம், இனி ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கும் மேல் எதிர்பார்ப்பு என்பது அதன் கணக்கு. எடல்மன் பரிசின் தனித்தன்மை இதுதான். ஆய்வு அழகாக இருக்கிறதா என்பதோடு அது நிற்பதில்லை. எவ்வளவு பயன் விளைந்தது என்று எண்ணில் காட்டச் சொல்லும், அதைச் சரிபார்க்கவும் செய்யும். நம் இலக்கியப் பரிசுகளில் இல்லாத நேர்மை இது என்று எனக்கு ஒரு கணம் பொறாமைகூட வந்தது.

பொறாமை தணிந்ததும் ஒரு கேள்வி எழுந்தது. இந்த 140 கோடி எங்கிருந்து வந்தது?

இரண்டு ஊற்றுகள் இருக்க முடியும். காலியாகப் பறந்திருக்கும் இருக்கையில், வேறெப்படியும் விமானம் ஏறியிருக்க முடியாத ஒருவர் சலுகைக் கட்டணத்தில் ஏறுகிறார். இதில் அவருக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம். இது புதிதாக உண்டான செல்வம். மற்றொன்று, 40க்குக் கிடைத்திருக்க வேண்டிய இருக்கையை 'இல்லை' என்று மறைத்து, வேறு வழியில்லாத ஒருவரிடம் 100 வாங்குவது. இதில் எதுவும் புதிதாக உண்டாகவில்லை. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாறியது, அவ்வளவே. கம்பெனியின் பேரேட்டில் இரண்டும் ஒரே வரியில்தான் விழும். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் அளவுகோல், எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் விற்றிருந்தால் வந்திருக்கும் வருவாய் ஒரு முனை, எல்லாம் முன்கூட்டியே தெரிந்து விற்றிருந்தால் வந்திருக்கும் வருவாய் மறுமுனை, இடையில் நாம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று பார்ப்பது. கெட்டிக்காரத்தனமான அளவுகோல். ஆனால் அதன் இரண்டு முனைகளும் கம்பெனியின் கல்லாப்பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பயணி அந்தக் கோலில் எந்த இடத்திலும் இல்லை.

இது இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பும் இல்லை. 1849இல் பிரெஞ்சுப் பொறியாளர் ழூல் துப்புயி, ரயில் கம்பெனிகள் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு ஏன் கூரை போடுவதில்லை என்று ஆராய்ந்தார். கூரைக்கு ஆகும் செலவு ஒரு பொருட்டே இல்லை. ஏழையை நனைய வைப்பதும் நோக்கமில்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் தடுப்பதுதான் நோக்கம் என்று அவர் விளக்கினார். விமானத்தில் சலுகைக் கட்டணத்துக்கு 'சனிக்கிழமை இரவு அங்கே தங்கியாக வேண்டும்' என்று நிபந்தனை போட்டார்களே, அது கூரையில்லாத பெட்டியின் பேரப்பிள்ளை. வார இறுதியில் வீடு திரும்ப விரும்பும் அதிகாரி சலுகைக்குள் நுழைந்துவிடக் கூடாது. இந்த நிபந்தனைகளுக்குத் துறை வைத்திருக்கும் பெயர் 'வேலி'.

4

வேலி என்ற சொல்லிலிருந்து தொடங்கி இத்துறையின் சொற்களை வரிசையாக வாசித்துப் பார்த்தேன். சொல் யார் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் நமக்குத் தெரிந்த வித்தை.

இருக்கை காலியாகப் பறந்தால் அதற்கு 'ஸ்பாயிலேஜ்', கெட்டுப்போதல். பால் திரிவதுபோல இருக்கை கெட்டுப்போகிறது. இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட பயணிக்கு 'ஸ்பில்', சிந்தல். முழுக்கட்டணக்காரருக்கென ஒதுக்கிவைத்த இருக்கைகளின் எண்ணிக்கைக்குப் 'பாதுகாப்பு அளவு'. யாரிடமிருந்து பாதுகாப்பு? 40 பவுண்டோடு வந்து நிற்கிறாரே, அவரிடமிருந்து. சிந்தியவர் அதே கம்பெனியின் வேறொரு விமானத்தில் ஏறினால் 'மீள்பிடிப்பு'. இந்த அகராதியில் இருக்கைக்கு உயிர் இருக்கிறது. அது கெடும், அதைக் காக்க வேண்டும். மனிதர் திரவம், சிந்துவார், பிடிக்கப்படுவார். இதை எழுதியவர்கள் கல்நெஞ்சர்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எங்கே நின்று பார்க்கிறதோ அங்கிருந்து உலகம் அப்படித்தான் தெரியும். கணக்குக்கு ஒரு நிற்குமிடம் இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

எல்லாவற்றுக்கும் மூலமான சொல் 'வில்லிங்னெஸ் டு பே'. கொடுக்கச் சம்மதம் என்று தமிழில் சொல்லலாம். ஒருவர் 100 பவுண்ட் கொடுத்தார் என்றால் 100 கொடுக்க அவர் சம்மதித்தார் என்று பொருள். சம்மதம் என்பது விருப்பத்தைச் சேர்ந்ததா, கதியின்மையைச் சேர்ந்ததா என்று இந்தச் சொல் கேட்பதில்லை. கேட்டால் கணக்கு ஓடாது.

இப்போது தாமதமாக வருகிறவரிடம் திரும்புவோம். நாளைக் காலை விமானத்துக்கு இன்றிரவு டிக்கெட் கேட்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் கம்பெனி அதிகாரி. மற்றவருக்கு ஊரில் அம்மா இறந்துவிட்டாள். சாவுக்கு யாரும் இருபத்தொரு நாள் முன்பதிவு செய்ய முடியாது. எந்திரத்தின் முன் இரண்டு பேரும் ஒன்று. இருவரும் தாமதமாக வந்தார்கள், இருவரும் விலை எவ்வளவானாலும் வாங்குவார்கள். ஒருவரிடம் வசதி, மற்றவரிடம் துக்கம்; வெளியிலிருந்து பார்க்கையில் இரண்டுக்கும் ஒரே முகம். இதை அறியாதவர்களல்லர் அமெரிக்க விமானக் கம்பெனிகள். பல கம்பெனிகள் துக்கத்துக்குப் போகிறவர்களுக்குத் தனிச் சலுகை வைத்திருந்தன. விதியின் ஓட்டையை விதிக்கு வெளியே ஒரு மனிதக் கை அடைத்து வைத்திருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2014இல் அந்தச் சலுகையை நிறுத்தியது. வேறு மலிவு டிக்கெட்டுகள்தான் இருக்கின்றனவே என்று வாதிடலாம். நான் சொல்வது வேறு. துக்கம் என்பது கணக்குக்குள் ஒரு வகையாக இருந்தது, பிறகு இல்லாமல் போயிற்று.

5

கோட்பாட்டுக்கு ஒரு பரிசு, நடைமுறைக்கு ஒரு பரிசு என்ற பிரிவினையையும் வாசிக்க வேண்டும். 1994இல் கில்லர்மோ காயேகோவும் காரெட் வான் ரைசினும் எழுதிய கட்டுரை, கையிருப்பும் காலமும் குறையக் குறைய விலையை எப்படி மாற்றிக்கொண்டே போவது என்பதற்குச் செவ்வியல் என்று சொல்லத்தக்க வடிவம் கொடுத்தது. 2004இல் கல்யாண் தல்லூரியும் வான் ரைசினும் எழுதிய பெருநூல் அடுத்த ஆண்டே லாஞ்செஸ்டர் பரிசு பெற்றது. ஆங்கிலத்தில் வெளியான சிறந்த பங்களிப்புக்கான பரிசு அது. இங்கே அளவுகோல் அழகு, பொதுமை, நிறுவலின் திண்மை. எடல்மன் மாதிரியான பரிசுகளில் அளவுகோல் டாலர். கோட்பாட்டாளரிடம் விளைவைப் பற்றிக் கேட்டால் நான் தேற்றம்தான் நிறுவினேன் என்பார். நடைமுறையாளரிடம் நியாயத்தைப் பற்றிக் கேட்டால் தேற்றம் அப்படிச் சொல்கிறது என்பார். இரண்டு மேடைக்கும் நடுவில் ஒரு கேள்வி கீழே விழுந்து கிடக்கிறது.

அதை எடுத்தவர்கள் வழக்கறிஞர்கள். எதிர்காலக் கட்டணங்களைப் பொதுக் கணினி அமைப்பொன்றில் முன்கூட்டி அறிவிப்பதன் வழியாக விமானக் கம்பெனிகள் விலைகளைக் கூடிப் பேசிக்கொள்கின்றன என்று அமெரிக்க நீதித்துறை 1992 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 1994இல் அது சமரசத்தில் முடிந்தது. முப்பதாண்டு கழித்து அதே கேள்வி வீட்டு வாடகைக்கு வந்தது. வாடகையைப் பரிந்துரைக்கும் மென்பொருள் விற்கும் ரியல்பேஜ் கம்பெனிமீது நீதித்துறை 2024 ஆகஸ்டில் வழக்குத் தொடுத்தது. போட்டியாளர்களான வீட்டுக்காரர்களின் வெளியிடப்படாத தகவல்களை ஒன்றாகத் திரட்டி வாடகையை உயர்த்த உதவுகிறது என்பது குற்றச்சாட்டு. காலி இருக்கையின் இடத்தில் இப்போது காலி வீடு. விமானத்தில் சிந்தியவர் பேருந்தில் போகலாம், போகாமலும் இருக்கலாம். வீட்டில் சிந்தியவர் எங்கே போவார்?

6

கணிதம் படித்த நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் சிரித்தார். "நீங்க சொல்றது இருக்கட்டுங்க. அந்த சீட்டு காலியாப் போனா யாருக்கு லாபம்? எல்லாருக்கும் ஒரே விலைன்னு வெச்சா அது 40ஆ இருக்கும்னு யார் சொன்னா? 80ஆ இருந்தா? சலுகை டிக்கெட்டே இந்தக் கணக்காலதானே வந்துது?" சரியான கேள்விகள். மலிவு இருக்கையில் முதன்முறையாகப் பறந்த எத்தனையோ பேரை இந்தக் கணக்குதான் ஏற்றிவிட்டது என்பதை மறுத்தால் நான் நேர்மையற்றவனாவேன்.

கணிதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. அதே கணிதம் வேறு இடத்தில் நின்று பார்த்திருக்கிறது. அளவுக்குமேல் டிக்கெட் விற்றுவிட்டு, இடம் போதாதபோது யாரையாவது இறக்கிவிடுவது விமானக் கம்பெனிகளின் பழக்கம். யாரை இறக்குவது என்பதைக் கம்பெனி தீர்மானிப்பதற்குப் பதிலாக, எவ்வளவு கொடுத்தால் இறங்கிக்கொள்வீர்கள் என்று பயணிகளையே கேட்கலாமே என்று பொருளியலாளர் ஜூலியன் சைமன் 1968இல் எழுதினார். 1978இல் அமெரிக்க வாரியம், தாமாக முன்வருபவர்களை முதலில் கேட்க வேண்டும் என்று விதி செய்தது. விலையை இங்கே பயணி சொல்கிறார். அவர் திரவமல்லர், பேசுகிறவர். நெரிசல் நேரத்தில் நியூயார்க் சுரங்க ரயிலுக்குக் கட்டணத்தைக் கூட்டலாம் என்று 1952இலேயே முன்மொழிந்தவர் வில்லியம் விக்ரி. நேரத்துக்குத் தக்க விலை என்பதில் அவரும் விமானக் கம்பெனிகளும் ஒன்று. நோக்கம் வேறு: அவர் கேட்டது, பொதுச் சொத்தை எப்படிப் பங்கிட்டால் ஊருக்கு நல்லது என்று. 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் இறந்துபோனார்.

நம் ஊருக்கும் இது வந்தது. 2016 செப்டம்பர் 9 முதல் ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில், பத்து சதவீத இடங்கள் விற்றதும் கட்டணம் பத்து சதவீதம் கூடும், அதிகபட்சம் ஒன்றரை மடங்கு என்று ரயில்வே அறிவித்தது. இதில் லிட்டில்வுட்டின் நிகழ்தகவு இல்லை, பெலோபாபாவின் கணிப்பும் இல்லை. கணக்கு வரவில்லை, தாமதமாக வருகிறவர் வசதியானவர் என்ற அதன் நம்பிக்கை மட்டும் வந்து சேர்ந்தது.

2018இல் மத்தியத் தணிக்கைத் துறை இதை ஆராய்ந்து அறிக்கை தந்தது. திட்டம் தொடங்கியதிலிருந்து 2017 ஜூலை வரையிலான காலத்தில் இந்த ரயில்களின் வருவாய் 552 கோடி ரூபாய் கூடியிருந்தது. அதே காலத்தில் பயணிகள் 6 லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒரே அறிக்கையில் பார்த்தபோது எனக்கு எடல்மன் பரிசின் நினைவு வந்தது. தணிக்கைக்காரர் யாருக்கும் பரிசு கொடுப்பவர் அல்லர். கோட்பாடு பேசுகிறவரும் அல்லர். ஆனால் வந்த பணத்தை எழுதிய கையோடு, வராமல் போனவர்களையும் எண்ணி எழுதிவிட்டார். பரிசுக் குழுக்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆதாயம் எவ்வளவு என்று கேட்கிற அதே படிவத்தில் இன்னும் இரண்டு வரிகள் வேண்டும்: இதில் புதிதாக உண்டானது எவ்வளவு, இடம் மாறியது எவ்வளவு, சிந்தியவர்கள் எத்தனை பேர். சரிபார்க்கத் தெரிந்தவர்கள்தானே, இதையும் சரிபார்க்கட்டும்.

அந்த இரண்டு வரிகளையும் நிரப்பிய பிறகும் ஓர் ஆய்வு பரிசுக்குரியதாக நின்றால், அதன் அழகை ரசிக்க எனக்குத் தடையில்லை.